திங்களும் வெள்ளியும் திறக்கும் கதவு

கோயில் என்றால் காலையும் மாலையும் நடை திறந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். பெரம்பலூருக்குத் தெற்கே சுமார் எட்டு கிலோமீட்டரில், சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சிறுவாச்சூர். அங்கே கோயில் கொண்டிருக்கும் மதுரகாளியம்மன் வாரத்தில் இரண்டே நாட்கள்தான் தரிசனம் தருகிறாள். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்! சில விசேஷ நாட்களில் கூடுதலாகத் திறப்பார்கள். விஷயம் தெரியாமல் புதன்கிழமை வந்து, மூடிய கதவுக்கு முன் சூடம் ஏற்றிவிட்டுத் திரும்பும் வெளியூர்க் குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எங்களுக்குக் குன்னம். சிறுவாச்சூர் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. பெரம்பலூர் போய் பஸ் மாறினால் வெயில் ஏறுவதற்குள் அம்மன் சந்நிதியில் நிற்கலாம். இந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, சென்னை, பம்பாய் என்று எங்கெங்கோ குடியேறிவிட்ட பல குடும்பங்களுக்கும் அவள்தான் குலதெய்வம். கல்யாணம் நிச்சயமானால் முதல் பத்திரிகை அவளுக்கு. குழந்தை பிறந்தால் முதல் மொட்டை அவளுக்கு.

இந்த 'முதல்' என்கிற சொல்லால்தான் எங்கள் அக்கா வீட்டில் ஒரு மனத்தாங்கல் வந்தது.

ஜப்பானிலிருந்து வந்த போட்டோ

அக்கா மகனுக்கு ஜப்பானில் நகோயா நகரத்தில் வேலை. பேத்தி அங்கேதான் பிறந்தாள். பிரசவத்துக்குப் போக அக்காவுக்கு ஆசைதான், முழங்கால் வலி விடவில்லை. குழந்தைக்கு ஒரு மாதம் ஆன சமயம் ஒரு போட்டோ வந்தது. பெரிய மரவாசல், பின்னால் அடர்ந்த மரங்கள், நடுவில் பச்சைக் குழந்தையோடு மருமகள். பக்கத்தில் கிமோனோ உடுத்திய ஒரு ஜப்பானியக் கிழவி.

"எந்த இடம்டா இது?" என்று கேட்டாள் அக்கா.

"இங்க இருக்கிற பழைய கோயில்மா, அத்சுதா கோயில்னு பேரு. பிறந்த குழந்தையை ஒரு மாசத்துல கொண்டு போய்க் காட்டறது இங்க வழக்கம். பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிட்டாங்க, போனோம்."

அவ்வளவுதான். அக்கா போனை வைத்துவிட்டாள். "நம்ம அம்மனுக்குக் காட்டறதுக்கு முன்னாடி வேற சாமிகிட்டக் கொண்டு போயிட்டாளே" என்று என்னிடம் சொன்னபோது குரல் கம்மியது. அதற்குப் பிறகு மகனோடு பேசுவாள். மருமகள் பேச வந்தால் அடுப்பில் பால் பொங்கும், வாசலில் யாரோ கூப்பிடுவார்கள். இப்படியே பல மாதங்கள்! குழந்தைக்குப் பதினோராவது மாதம் மொட்டை போட எல்லோரும் ஊருக்கு வந்தபோது, வீட்டுக்குள் ஒரு விறைப்பு இருந்ததை வந்தவர்கள் எல்லோருமே கவனித்தோம்.

அந்த ஊர்க் கோயில்கள்

மருமகள் கெட்டிக்காரி, பொறுமைசாலி. அவளிடம் அந்த ஊர் வழக்கங்களை நான் துருவித் துருவிக் கேட்டேன்.

ஜப்பானியரின் ஆதி சமயத்துக்கு ஷிண்டோ என்று பெயர். மலை, மரம், அருவி, சூரியன் என்று எதிலும் தெய்வம் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. கோயில் வாசலில் இரண்டு தூண், மேலே குறுக்குக் கட்டை வைத்த தோரணம் போன்ற ஒரு நுழைவாயில் நிற்கும். அதற்கு 'தோரீ' என்று பெயராம். உள்ளே போனால் முதல் வேலை கை கழுவுவது. தண்ணீர்த் தொட்டியில் மூங்கில் அகப்பை இருக்கும். இடது கை, பிறகு வலது கை, பிறகு வாய். அதன் பின் சந்நிதிக்குப் போய் இரண்டு முறை தலை வணங்கி, இரண்டு முறை கை தட்டி, மனதுக்குள் வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை வணங்க வேண்டும்.

அத்சுதா கோயிலில் தெய்வமாகப் போற்றப்படுவது ஒரு வாள். அதை யாருக்கும் காட்டுவதே இல்லை. கோயில் வளாகத்தில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் பிரம்மாண்டமான கற்பூர மரம் ஒன்று இருக்கிறது. நாம் சந்நிதியில் ஏற்றுகிற கற்பூரம் ஆதியில் இந்த ஜாதி மரத்திலிருந்து எடுத்ததுதான்!

நகோயாவிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தில் ஈசே என்ற ஊர். ஜப்பானியருக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கோயில். உள்கோயிலில் சூரிய தேவதை அமதெராசு. வெளிக்கோயிலில் அன்னத்துக்கு அதிபதியான தொயோஊகே. இரண்டு பேருமே பெண் தெய்வங்கள். சூரிய தேவதைக்குத் தினம் இரண்டு வேளை சாப்பாடு வெளிக்கோயிலில் தயாராகிறது. கட்டையோடு கட்டை கடைந்து உண்டாக்கிய நெருப்பில் சமைத்து, சோறு, உப்பு, தண்ணீர், மீன், காய் என்று படைக்கிறார்கள். இந்தப் படையல் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களாக நின்றதில்லை என்பது அவர்கள் பெருமை. நம் வீட்டில் ஒரு நாள் காஸ் தீர்ந்தால் நாம் படுகிற பாட்டை நினைத்துக்கொண்டேன்!

இன்னொரு ஆச்சரியம். ஈசே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்துக் காலி மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே குடியேற்றுகிறார்கள். கி.பி. 690-ல் தொடங்கிய வழக்கம். நடுவில் உள்நாட்டுச் சண்டைகளால் நூறு வருஷத்துக்கு மேல் தடைப்பட்டும், மறுபடி தொடர்ந்துவிட்டது. 2013-ல் நடந்தது 62-வது முறை, அடுத்தது 2033-ல். இருபது வருஷம் என்பது நல்ல கணக்கு. வாலிபத்தில் உதவியாளாக இருந்தவர், நடுவயதில் முன்நின்று கட்டி, முதுமையில் மேற்பார்வை பார்க்கலாம். இப்படி ஒரு தலைமுறையின் கைவேலை அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உரலடியில் ஒரு பேச்சு

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். சிறுவாச்சூரில் மாவிளக்கு மிக விசேஷம். வீட்டில் தயாரித்துக் கொண்டுவருவதை விட, அரிசியைக் கோயிலுக்கே கொண்டுவந்து, அங்கேயே ஊறவைத்து, உரலில் இடித்து விளக்குப் போடுவதைத்தான் பெரியவர்கள் ஒசத்தியாகச் சொல்வார்கள். திங்கள், வெள்ளிகளில் உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பட்டுப்புடவைக்காரியும் நூல்புடவைக்காரியும் ஒரே உரலுக்குக் காத்து நிற்பார்கள்.

எங்கள் வீட்டில் எப்போதும் அக்காதான் இடிப்பாள். அன்று பத்துக் குத்துக் குத்துவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்திருப்பதற்குள் மருமகள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உலக்கையை எடுத்தாள்.

"உனக்குப் பழக்கமில்ல, கையில கொப்புளம் போட்டுடும்" என்றாள் அக்கா, முகத்தைப் பார்க்காமலே.

"நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க அத்தை, நான் இடிக்கிறேன்."

இடித்துக்கொண்டே மருமகள் பேச்சை ஆரம்பித்தாள். "அத்தை, அந்தப் போட்டோவுல ஒரு பாட்டி நின்னாங்களே... அந்த ஊர்ல குழந்தையை முதல் தடவை கோயிலுக்குக் கொண்டு போறப்போ பெத்தவ தூக்கக் கூடாதாம். அப்பாவைப் பெத்த பாட்டிதான் ஏந்தணுமாம். பிரசவத் தீட்டுன்னு பழைய நாள்ல வச்ச வழக்கம். நம்ம ஊர் மாதிரியேதான். அந்தப் பாட்டியைத் தூக்கச் சொன்னேன். அவங்க மாட்டேன்னுட்டாங்க. 'இது அவங்க பாட்டியோட இடம், நான் எடுத்துக்கிட்டா அவங்க வருத்தப்பட மாட்டாங்களா?'ன்னு கேட்டாங்க. அதனாலதான் கடைசியில நானே தூக்கிக்கிட்டேன்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. உரலில் ஒதுங்கிய மாவைக் கையால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சலிச்சது போதும், வெல்லத்தைப் போடு. தண்ணி தெளிச்சிடாதே" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் மருமகளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்!

வந்தவளும் இடம் கொடுத்தவளும்

பூஜை வேளையில் எல்லோரும் சந்நிதிக்கு வந்தோம். அம்மன் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறாள். சதாசிவ பிரம்மேந்திரர் இங்கே ஸ்ரீசக்கரம் பிரதிஷ்டை செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. உடுக்கை ஒலித்தது. தீபாராதனை என்று எல்லோரும் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, பூசாரி முதலில் மலை இருக்கும் திசை பார்த்துத் தீபம் காட்டினார்.

"ஏன் அத்தை, அம்மனுக்குக் காட்டாம அந்தப் பக்கம் காட்டறாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் மருமகள். அக்கா சொன்ன கதையை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

ஆதியில் இந்தக் கோயில் செல்லியம்மனுடையது. மந்திரவாதி ஒருவன் தவ வலிமையால் அவளையே கட்டிப்போட்டு ஏவல் செய்யவைத்தான். அந்தச் சமயம் மதுரையை எரித்துவிட்டுச் சினம் தணியாமல் வந்த கண்ணகி, இரவு தங்க இடம் கேட்டு இங்கே வந்தாள். செல்லியம்மன் தயங்கினாள். தான் படும் பாட்டைச் சொன்னாள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தங்கிய மதுரகாளி, வந்த மந்திரவாதியை அழித்துவிட்டாள். செல்லியம்மன் மனம் குளிர்ந்து, "இனி இந்த இடம் உனக்கு. நான் மலைக்குப் போகிறேன். ஆனால் முதல் மரியாதை எனக்கு இருக்கட்டும்" என்று சொல்லி, பக்கத்திலுள்ள பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். மற்ற நாட்களில் மதுரகாளியும் மலையில் அவளோடுதான் இருக்கிறாள், திங்களும் வெள்ளியும் மட்டும் இறங்கி வருகிறாள் என்று கதையைத் தொடர்ந்து சொல்வார்கள். மதுரையிலிருந்து வந்ததால் மதுரகாளி; மதுரமான குணம் கொண்டதால் மதுரகாளி என்றும் பொருள் சொல்வதுண்டு.

எத்தனையோ முறை கேட்ட கதை. அன்று அக்கா வாயால் கேட்டபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது. நம் அம்மனே வெளியூரிலிருந்து வந்து, அடுத்தவள் வீட்டில் இடம் கேட்டு நின்றவள்தானே! வந்தவளுக்கு வீட்டைக் கொடுத்தவள் ஒருத்தி. கொடுத்தவளுக்கு இன்றுவரை முதல் தீபத்தை விட்டுத் தருகிறவள் இன்னொருத்தி. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று இதைவிட யார் சொல்லிவிட முடியும்?

தாய்மாமன் மடியில் மொட்டை ஆயிற்று. அலறிய குழந்தையை வாங்கிச் சந்தனம் தடவி, சந்நிதியில் ஏந்தி நின்றது அக்காதான். மருமகளைக் கூப்பிட்டு, "இந்தக் கோலத்துல போட்டோ எடுத்து அந்தப் பாட்டிக்கு அனுப்பு" என்றாள். பிறகு, "அரிசி அளவெல்லாம் எழுதிக்க. இனிமே விளக்குப் போடறது உன் பொறுப்பு. வருஷா வருஷம் வர முடியலேன்னாலும், வர்றப்போ போடு" என்று சொல்லிவிட்டு, கொப்புளம் கண்டிருந்த அவள் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள்.

மாவிளக்குக்கு அளவு

அக்கா சொன்ன அளவை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

பச்சரிசி இரண்டு ஆழாக்கு, பொடித்த வெல்லம் ஒன்றரை ஆழாக்கு, ஏலக்காய் நாலு, விளக்குக்கு நெய், பஞ்சுத் திரி. அரிசியைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழல் உலர்த்தலாகப் பரப்புங்கள். கையில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இடித்துச் சலித்து, கப்பி இருந்தால் திரும்பவும் இடிக்க வேண்டும். வெல்லத்தையும் ஏலப்பொடியையும் சேர்த்துப் பிசைந்தால் மாவிலிருக்கும் ஈரமே போதும், உருண்டை பிடிக்க வரும். தண்ணீர் ஊற்றினால் விளக்கு உட்கார்ந்துவிடும். நடுவில் குழித்து, நெய் விட்டுத் திரி போடுங்கள். மாவு பச்சை மாவு. ஆகையால் அன்றைக்கே பிரசாதத்தைத் தீர்த்துவிடுங்கள். வெயில் காலத்தில் மறுநாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு

வயிற்று வலி தீர வேண்டிக்கொண்டவர்கள் படுத்துக்கொண்டு வயிற்றின்மேல் மாவிளக்கு வைத்துக்கொள்ளும் பிரார்த்தனை நம் பக்கத்துக் கோயில்களில் உண்டு. பெரியவர்கள் வாழையிலை வைத்து, பக்கத்தில் ஆள் துணையோடு செய்யட்டும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். குழந்தை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. சூடான நெய் பட்டால் வெந்துவிடும். விடாத வயிற்று வலி, காய்ச்சல், வலிப்பு என்றால் முதலில் டாக்டர். குணமான பிறகு நேர்த்திக்கடன். அம்மன் காத்திருப்பாள்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் தேவையில்லை. பிரசாதம்தானே என்று மாவைத் தொட்டு நாக்கில் வைக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, அந்த வயதில் நரம்புகளைப் பாதித்துக் குழந்தையைத் துவளச் செய்துவிடும்.

மொட்டைக்கு உட்காரும் முன் புது பிளேடைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் போன்றவற்றுக்குப் பழைய பிளேடு வாசல் திறந்துவிடும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் வேறு வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். கொதித்து ஆறிய தண்ணீர், மாற்றுத் துணி, வெயிலுக்குப் பருத்தித் தொப்பி - இவை மூன்றும் பையில் கட்டாயம் இருக்கட்டும்.

அந்தப் பக்கம் வருகிறவர்கள் நேரமிருந்தால் வாலிகண்டபுரம் வாலீஸ்வரர் கோயிலையும், செட்டிகுளத்துத் தண்டாயுதபாணியையும் பார்த்துவிட்டே போகலாம். சித்திரைத் திருவிழா சமயத்தில் சிறுவாச்சூரில் கூட்டம் நெரியும். கைக்குழந்தைக்காரிகள் சாதாரண திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்.

சகோதரிகளே, இன்னொன்று. ஜப்பானியர்கள் இருபது வருஷத்துக்கு ஒரு கோயிலையே கட்டிப் பழக்கிவிடுகிறார்கள். நம் வீடுகளில் குலதெய்வத்தின் பெயர், ஊர், படையல் அளவு, கோயில் திறக்கும் கிழமை எல்லாம் பாட்டிமார் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். அக்காவின் மருமகள் எழுதிய நோட்டு இப்போது நகோயாவில் அவள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில், 'திங்கள், வெள்ளி மட்டும்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள்.